வாசலுக்கு முதுகு

நாரின், கோடை மேய்ச்சல் மலை
மே 28

சம்பந்தி சபிராவுக்கு உல்கான் எழுதுவது.

நாங்கள் நலம். நீங்களும் கைகால் வலியில்லாமல் இருக்க வேண்டும். நான் திட்டும்போது தெம்பாக நின்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

பனி உருகிவிட்டது. கூடாரத்தைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டோம். தொலைபேசியில் என் எண்ணை அடைத்துவிட்டீர்கள் என்று வேன் ஓட்டும் தோக்தோ சொன்னான். அடைத்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் எப்படியும் கைபேசிக் கோபுரம் கிடையாது. என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. வசவு எழுத அது போதும்.

தோக்தோ கையில் ஓர் ஆட்டு இரைப்பை நிறைய வெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெண்ணெய் உங்களுக்கு. அதன் நடுவில் நெகிழித்தாளில் சுற்றி வைத்திருப்பது என் பேத்தி துமாருக்கு. வெளியே தெரியும்படி அனுப்பினால் உங்கள் மகன் எர்மெக் அதைச் சந்தையில் விற்றுக் குடித்துவிடுவான் என்பதால் ஆட்டு வயிற்றுக்குள் வைத்தேன். கையில் பிடித்தபடி திரையில் ஆடும் விளையாட்டுப் பெட்டி அது. ஒரு செம்மறிக் கடாவைக் கொடுத்து வாங்கினேன், நல்ல கடா.

இந்தக் கோடைக்குத் துமாரை இங்கே அனுப்புங்கள். கணினியை விட்டு எழுந்து வரமாட்டாள் என்று தோக்தோவிடம் சொன்னீர்களாமே? இதோ, எழுந்து வரும்போதே ஆடிக்கொண்டு வரக்கூடிய ஒன்று. இங்கே வெயில் பலகையில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். இனி என்ன சாக்கு?

நான் எதையும் மறப்பவள் இல்லை சம்பந்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீட்டு விருந்தில், இரும்புக் கெட்டிலால் எர்மெக் என் மகள் பெர்மெத்தின் தாடையை உடைத்தான். எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. கம்பளத்தில் இரண்டு பற்கள் கிடந்தன. நீங்கள் கிண்ணங்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். விருந்தாளிக்கு எப்படி ஊற்ற வேண்டுமோ அப்படி, அரைக் கிண்ணம், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். நான் அடுப்புக் கம்பியால் அவன் நெற்றியைப் பிளந்தேன். அந்தத் தழும்பு மழைக்கு மழை வலிக்கட்டும்.

மகளை லாரியில் ஏற்றிவிட்டுத் துமாரைத் தூக்க வந்தபோது நீங்கள் வாசலில் கையை விரித்து நின்றீர்கள். "மூத்த பிள்ளை அப்பன் வீட்டுக் கிழவிக்குத்தான். இது எங்க வழக்கம், உங்க வழக்கமும்தான். இவ எனக்குப் பிள்ளை. பெத்தவ இவளுக்கு அண்ணி, அவ்வளவுதான்" என்றீர்கள். வழக்கம் என்றதும் என் கை தாழ்ந்துவிட்டது. நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தானே. ஒன்பது வயதுக் குழந்தை உங்கள் இடுப்புக்குப் பின்னாலிருந்து, "அம்மா, அண்ணி ஏன் வாயைப் பொத்திக்கிட்டுப் போறாங்க?" என்று உங்களைக் கேட்டது.

அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

உல்கான்
பெர்மெத்தின் தாய்


பிஷ்கெக்
ஜூன் 9

மரியாதைக்குரிய சம்பந்தி உல்கானுக்கு,

சலாம். வெண்ணெய் வந்தது. உங்கள் மாடுகளுக்கு நோய்நொடி வராதிருக்கட்டும்.

விருந்தாளிகளை உட்காரவைத்துக்கொண்டு இரைப்பையை அறுத்தேன். கத்தி கண்ணாடியில் கிறீச்சென்று உரசியது. பக்கத்து வீட்டுக்காரி, "நாரின் ஆடெல்லாம் இப்போ டெலிவிஷனை மேயுதா?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். உங்கள் கடிதத்தை அதன் பிறகுதான் தோக்தோ கொடுத்தான். முதலில் கடிதத்தைக் கொடுத்திருக்க வேண்டும். திரையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் கோபிக்காமல் கேட்டால் ஒன்று சொல்வேன். துமாருக்கு வைத்திருக்கும் கணினியை நீங்கள் பார்த்ததில்லை. திரை என் இரண்டு கை விரிப்புக்கு இருக்கும். பெட்டி கன்றுக்குட்டி கனம். இடுப்பு வலியோடு அதை நகர்த்த என்னால் ஆகாது, சுற்றித்தான் துடைப்பேன். அதில் புல் அசைந்தால் ஒவ்வொரு தாளும் தனித்தனியாக அசைகிறது. சுடப்பட்டவன் முழங்கால் மடங்கி விழுகிறான். பனியில் ரத்தம் பரவி அதிலிருந்து ஆவி எழுகிறது. அன்றைக்குத் துமார் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, இந்த ஓநாயைப் பாருங்க, மூக்கு ஈரமா இருக்கு" என்றாள். தொட்டுப் பார்த்தேன். கண்ணாடிதான். ஆனாலும் தொட்டேன்.

உங்கள் பெட்டியையும் திறந்து பார்த்தோம். அதிலுள்ள மனிதர்கள் எண்ணெயில் பொரித்த போர்சோக் உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி ஓடுகிறார்கள். ஓநாயாம், அது ஓநாயா அழுக்குக் கம்பளித் துண்டா என்றே தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளை அதை எப்படி ஆடுவாள்? அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இன்னொன்றும் யோசியுங்கள். அந்தக் கணினி இருப்பதால்தான் பெண் வீட்டில் இருக்கிறாள். பதினைந்து வயது. இந்த ஊரில் இந்த வயதுப் பெண் தெருவில் இல்லாமல் வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு பாதுகாப்பு என்று உங்களுக்குத் தெரியாது. எர்மெக்கும் அதில்தான் டாங்கிச் சண்டை ஆடுகிறான். சந்தைக் காவல் வேலை போனதிலிருந்து அதுதான் அவனுக்கு ஆறுதல். அவன் ஆடும்போது வீடு அமைதியாக இருக்கும், தோற்காதவரை.

பழையதைக் கிளறாதீர்கள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும்.

சபிரா


நாரின், மலை
ஜூன் 21

சம்பந்தி,

ரத்தம் பார்க்க உங்கள் வீட்டில் கணினி எதற்கு?

வாசித்துக் காட்டியபோது பெர்மெத் சிரித்தாள். தாடை கோணிப்போனதால் அவள் சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்கும். குதிரை இறைச்சியையும் வலது பக்கம்தான் மெல்லுகிறாள். சொல்லக்கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

ஈர மூக்கு ஓநாயைப் பற்றி எழுதினீர்கள். போன வாரம் விடியற்காலையில் பட்டிக்குள் ஒன்று இறங்கியது. ஒன்றைத் தின்ன வந்தது போகிற போக்கில் எல்லாவற்றின் கழுத்தையும் கடித்துப் போட்டது. ஆட்டுக்குட்டிகள் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. நான் தடியோடு ஓடினேன். அது என் தடியைப் பல்லால் பிடித்தது. அப்போது பின்னாலிருந்து வெடித்தது. பெர்மெத். துப்பாக்கி அவள் தோளை உதைத்துத் தள்ளியும் அவள் விழவில்லை. உங்கள் வீட்டிலிருந்து வந்த புதிதில், கதவு சாத்தும் சத்தத்துக்கே போர்வைக்குள் சுருண்டவள் இவள். ஓநாய் பின்கால் இரண்டும் போய், முன்காலால் ஊர்ந்து அவளைப் பார்த்து வந்தது. அவள் கிட்டே போய் இன்னொன்று போட்டாள். தோலை நான் உரித்தேன். மூக்கு ஈரமாகத்தான் இருந்தது, தொட்டுப் பார்த்தேன். இதை உங்கள் மகனுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள்.

ஓநாயைப் பார்த்த கண்ணுக்குக் கம்பளித் துண்டு போதும் சம்பந்தி. மிச்சத்தைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். அந்தப் பெட்டியை உங்களிடம் அனுப்புவதற்கு முன் நான் ஆடிப் பார்த்தேன். மோசமான படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குதிரை மேல் ஆடினேன். ஓடைக்கரையில் ஆடினேன். மாட்டின் மடிக்குக் கீழே உட்கார்ந்து ஆடினேன், மாடு உதைத்தது, அப்போதும் ஆடினேன். நம் ஆட்கள் எதை வாங்கினாலும் முதலில் என்ன கேட்பார்கள்? குதிரையில் ஏறுமா என்றுதானே? வீட்டையே குதிரையில் ஏற்றியவர்கள் நாம். நகரத்தில் போய் உட்கார்ந்ததும் அது உங்களுக்கு மறந்துவிட்டது. தூக்க முடியாத பொருள் நம்மைக் கட்டிப்போடும் முளை. அந்தக் கன்றுக்குட்டிப் பெட்டியில் நீங்கள் துமாரை முளையடித்து வைத்திருக்கிறீர்கள்.

அலமாரியைத் திறங்கள். இரண்டையும் அவள் முன்னால் வையுங்கள். அவள் பெரிய திரையைத்தான் எடுக்கிறாள் என்றால் இனி இந்தக் கிழவி வாயைத் திறக்க மாட்டாள். பயமா?

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கணினிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்கும்போது, அவளுடைய முதுகு எந்தப் பக்கம் இருக்கும்?

உல்கான்


பிஷ்கெக்
ஜூலை 6

மரியாதைக்குரிய சம்பந்தி,

எனக்கென்ன பயம்? அலமாரியைத் திறந்து அன்றைக்கே கொடுத்துவிட்டேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "ஐயய்ய, வெண்ணெய் நாத்தம்" என்றாள். திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதென்ன பழைய கல்யாணப் படமா, கோடு கோடா இருக்கு?" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பிறகு எழுதவில்லை.

உண்மையை எழுத வேண்டுமென்றால், இப்போது அதைத்தான் ஆடுகிறாள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. நிலக்கரிக் கொட்டகையில் உட்கார்ந்து ஆடுகிறாள். கூரை மேல் ஆடுகிறாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஆடுகிறாள், இத்தனை வளர்ந்த பெண். எர்மெக் வெளியே போனால் பெரிய திரைக்கு வருகிறாள். அவன் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். நான் கேட்டேன். "இவ்வளவு அழகா இருக்கிறதை விட்டுட்டு அந்தக் கீறல் விழுந்ததைப் போய் நோண்டுறியே?" "அதுல ஆடணும்னா காதை மூடிக்கிட்டுச் சுவரைப் பாத்து உக்காரணும் அம்மா. இதுன்னா எங்கே வேணா உக்காரலாம்" என்றாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கணினி மேசை சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது. மின் இணைப்பு அங்கேதான். அதனால் முதுகு வாசலுக்கு இருக்கும். காதில் பெரிய ஒலிப்பானை மாட்டியிருப்பாள், யார் வந்தாலும் தெரியாது.

இதில் ஒன்றுமில்லை. எல்லார் வீட்டிலும் மேசையைச் சுவரோடுதான் போடுவார்கள்.

போன வாரம் கதவில் இடித்துக்கொண்டாள். புருவத்தில் தையல் போட்டார்கள். தோக்தோ பார்த்துவிட்டான், அவன் வாய் சும்மா இருக்காது, அதனால் நானே எழுதிவிடுகிறேன். கதவுதான். வளரும் பெண்கள் கவனமில்லாமல் நடப்பார்கள். அண்ணன் ஸ்தானத்தில் இருப்பவன் தங்கையை ஒன்றிரண்டு தட்டினால் அதற்குப் பெயர் அடி இல்லை.

இறைச்சியை நன்றாக வேகவைத்துப் பெர்மெத்துக்குக் கொடுங்கள்.

சபிரா


நாரின், மலை
ஜூலை 15

சபிரா,

எந்தக் கதவு? அந்தக் கதவுக்கு நெற்றியில் தழும்பு இருக்குமே? சாராய நாற்றம் வருமே? அந்தக் கதவைப் பெற்றது நீங்கள்தானே?

துமாரை ஒன்பது வயதில் நான் லாரியில் ஏற்றாமல் விட்டேன். வழக்கம் என்றீர்கள், பெரியவர்கள் தாடியை ஆட்டினார்கள், நான் கையை இறக்கினேன். எந்தப் பெரியவன் என்ன சொன்னான் என்று ஒவ்வொருத்தன் பெயரோடும் எனக்கு நினைவிருக்கிறது. ஒருத்தன் இழவுக்கும் நான் போகவில்லை. உங்கள் இழவுக்கும் வரமாட்டேன்.

அண்ணன் ஸ்தானம் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததா? பெற்றவனை அண்ணன் ஆக்கினீர்கள். பெற்றவளை அண்ணி ஆக்கினீர்கள். பிள்ளைக்கு ஒன்று என்றால் பாய்ந்து வர வேண்டியவள் அம்மா. அந்த இடத்தில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவள் "அம்மா" என்று கூப்பிட்டால் அந்த வீட்டில் திரும்பிப் பார்க்க வேறு ஆள் கிடையாது. அன்றைக்குத் தேநீர் ஊற்றியது போல இன்றைக்கும் ஊற்றிக்கொண்டிருங்கள்.

படம் அழகா, கையில் அடங்குவது பெரிதா என்று நாம் இரண்டு கிழவிகளும் சண்டை போட்டோம். பதில் அவள் சொல்லிவிட்டாள். எதை எடுத்துக்கொண்டு ஓட முடியுமோ, எதைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து உட்கார முடியுமோ, அது பெரிது. வாழும் வீட்டில் அவளுக்கு அழகு கட்டுப்படியாகவில்லை.

அடுத்த மாதம் ஆடுகளுக்கு முடி வெட்டி முடித்ததும் இறங்கி வருகிறேன். பெர்மெத்தும் வருகிறாள். அவள் தோளில் என்ன இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அடுப்புக் கம்பியை நான் தூக்கிப் போடவில்லை, இரும்பு இரும்பாகத்தான் இருக்கிறது. இந்த முறை நெற்றியோடு நிற்காது. வாசலில் கையை விரித்தீர்கள் என்றால் உங்களையும் சேர்த்துத்தான்.

உல்கான்


பிஷ்கெக்
ஜூலை 23

உல்கான் அக்காவுக்கு,

நீங்கள் இறங்கி வர வேண்டாம். துமார் தோக்தோவின் வேனில் வருகிறாள். இந்தக் கடிதமும் அவளோடுதான் வருகிறது. அவள் வாசிக்காதபடி ஒட்டியிருக்கிறேன், வாசித்தாலும் பரவாயில்லை, அவள் கண்முன்னால்தான் எல்லாம் நடந்தது.

நேற்றுப் பகல். எர்மெக் டாங்கி ஆடிக்கொண்டிருந்தான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். துமார் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உங்கள் பெட்டியில் ஆடிக்கொண்டிருந்தாள். அதில் ஏதோ ஜெயித்தாள் போலிருக்கிறது, களுக்கென்று சிரித்தாள். அதே நேரத்தில் அவன் டாங்கி வெடித்தது. அந்தப் பெரிய திரை முழுக்க நெருப்பு. "என்னைப் பாத்தா சிரிக்கிறே?" என்றான். "இல்லண்ணே, நான் இதைப் பாத்து..." என்று அவள் முடிக்கவில்லை.

பின்னலைப் பிடித்து இழுத்தான். மேசை விளிம்பில் அவள் முகத்தை மோதினான். ஒருமுறை இல்லை. புருவத் தையல் பிரிந்தது. அவள் அழவில்லை அக்கா, அந்தப் பெட்டியைச் சட்டைக்குள் திணித்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், முகத்தைப் பொத்தவில்லை. மேசை, விசைப்பலகை, என் கம்பளம் எல்லாம் ரத்தம். பனியில் பரவுகிற மாதிரி இல்லை. அழகாக இல்லை. ஆவி எதுவும் எழவில்லை. பிறகு "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

திரும்பிப் பார்க்க நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

தூக்க முடியாத கன்றுக்குட்டிப் பெட்டி என்றும் எழுதியிருந்தீர்கள். தூக்கினேன். கம்பிகள் பிய்ந்துகொண்டு வந்தன, திரை தானாகச் சாய்ந்து விழுந்து நொறுங்கியது. எப்படித் தூக்கினேன் என்று கேட்காதீர்கள், என் இடுப்புக்கே தெரியாது. முதல் அடி அவன் தோளில். அவன் பின்னலை விடவில்லை. இரண்டாவது முழங்கையில் போட்டேன். அது வேறு பக்கமாக மடங்கியது, அப்போது விட்டான். கீழே விழுந்து "அம்மா" என்று அலறினான். அவனுக்கும் நான்தானே அம்மா. மூன்றாவதாகத் தலைக்கு மேலே ஓங்கி வைத்திருந்தேன். துமார் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "போதும்மா, வேண்டாம்மா, வாங்க" என்றாள். இல்லையென்றால் போட்டிருப்பேன். போட்டிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேனா என்று இந்த நேரம் வரை தெரியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பெர்மெத்தும் என்னைப் பார்த்துத்தான் "அம்மா" என்றாள். மருமகள் மாமியாரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கணினி மேலே விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன். பொய்யும் இல்லை. எழுந்து வந்ததும் என்னைத்தான் தேடுவான். வரட்டும்.

துமாரோடு அந்தச் சின்னப் பெட்டி வருகிறது. வேறெதையும் எடுத்துக்கொள்ள அவள் சம்மதிக்கவில்லை.

சபிரா


நாரின், மலை
ஆகஸ்ட் 2

சம்பந்தி சபிராவுக்கு,

பிள்ளை வந்து சேர்ந்தாள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வேனிலிருந்து இறங்கி பெர்மெத்தைப் பார்த்து, "சலாம் அண்ணி" என்றாள். பழகிய நாக்கு, வேறு என்ன சொல்லும்? பெர்மெத் திருத்தவில்லை. பிள்ளையின் முகவாயைப் பிடித்துத் தாடையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "முறியல" என்றாள். பிறகு இரண்டு பேரும் மாட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

கூடாரத்தில் வாசலுக்கு நேர் எதிரே, நாங்கள் பெரியவர்களை உட்காரவைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதுகைக் கம்பளிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் வாசலில் வைத்துக்கொண்டு. வந்த விருந்தாளிகள் இளையவள் அங்கே உட்காரலாமா என்று முணுமுணுத்தார்கள். "உக்காருவா. உங்களுக்கு இடம் பத்தலன்னா வெளியே குதிரை நிக்குது" என்றேன். வழக்கத்தை நான் பார்த்தது போதும்.

பெர்மெத் சுட்ட ஓநாயின் தோலை அவளுக்குப் படுக்கையாகப் போட்டிருக்கிறோம். நேற்று அதைத் தடவிக்கொண்டே, "அம்மாச்சி, கையில வச்சு ஆடுறதெல்லாம் சரி, ஆனா இதுல இருக்கிற ஓநாய் படு கேவலம். பெரிய திரையில மயிர் மயிரா தெரியும் தெரியுமா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தயிர் கடையும் மத்தை வீசினேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வீசியதற்குச் சிரிக்கிற வீடு இது என்று அதற்குள் தெரிந்துகொண்டாளே, அது போதும் எனக்கு.

இன்று காலை நான் பாலோடு வாசலுக்கு வந்தேன். வெளிச்சத்துக்காக வாசற்படியில் நகர்ந்து வந்து, முதுகை வெளிப்பக்கம் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை. பால் சட்டியோடு நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இனி உங்கள் விஷயம். கெட்டில் சத்தத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். வாசலில் கை விரித்ததை மறக்கவில்லை. கதவு என்று எழுதியதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. தோக்தோவிடம் முன் இருக்கையை விடச் சொல்லியிருக்கிறேன், இடுப்புக்குத் தலையணை வைத்திருப்பான். அந்தக் கணினிப் பெட்டியில் மிஞ்சிய இரும்பு ஏதும் இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். உங்கள் புத்தி எனக்கு இப்போதுதான் தெரிகிறது, தூக்கினாலும் தூக்குவீர்கள்.

"அம்மா எப்போ வருவாங்க?" என்று துமார் கேட்கிறாள். பெர்மெத் பக்கத்தில் இருக்கும்போதே உங்களைத்தான் கேட்கிறாள். பெர்மெத்துதான் இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னாள், நானாக எழுதியிருக்க மாட்டேன்.

வாருங்கள். ஒன்று மட்டும். இங்கே தேநீரை நான் ஊற்றுகிறேன். நீங்கள் ஊற்றுவதை என்னால் இன்னும் பார்க்க முடியாது.

உல்கான்